மேற்பூச்சு மருந்து பலன் தருகிறதா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

எக்ஸிமா எனப்படும் கரப்பான் நோய்க்கான கிரிசபோரோல் என்ற களிம்புக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதலுக்கு ஆதாரமாக இருந்தவை ஒரே மாதிரி வடிவமைக்கப்பட்ட இரண்டு ஆய்வுகள். லேசானது முதல் நடுத்தரம் வரையிலான கரப்பான் உள்ள, இரண்டு வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,500 பேர் அவற்றில் பங்கேற்று, நாளுக்கு இரு முறை வீதம் நான்கு வாரங்கள் களிம்பைப் பூசிக்கொண்டார்கள். முதல் ஆய்வின் முடிவில், மருந்துக் களிம்பு பூசியவர்களில் 32.8 சதவீதத்தினருக்குத் தோல் தொடக்கத்தைவிட நன்கு தேறி, முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ தெளிந்திருந்தது. மருந்தே கலக்காத களிம்பைப் பூசியவர்களில் 25.4 சதவீதத்தினருக்கும் அதே அளவு தெளிந்திருந்தது. இரண்டாவது ஆய்வில் இந்த எண்கள் முறையே 31.4, 18.0 என இருந்தன.

இந்த எண்களை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். மருந்தே இல்லாத களிம்பு நான்கில் ஒருவரை எப்படிக் குணப்படுத்தியது? மேற்பூச்சு மருந்துகள் குறித்த ஆய்வுகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்றே நான் கருதுகிறேன். ஏனெனில், இந்த ஆய்வுகள் மாத்திரைகளைச் சோதிக்கும் ஆய்வுகளிலிருந்து எங்கெல்லாம் வேறுபடுகின்றனவோ, அந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கான விடையிலேயே அடங்கியிருக்கின்றன.

தோலின் வெளிப்புறத்தில் இறந்த செல்களும் கொழுப்பும் அடுக்கடுக்காக அமைந்த ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். ஆனால் உடலின் நீர் வெளியேறாமலும் வெளிப்பொருள்கள் உள்ளே புகாமலும் காப்பது பெரும்பாலும் அந்தப் படலமே. மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால் அப்பொருள் ஆரோக்கியமான தோலை ஊடுருவுவது மிகவும் கடினம் என்பது இத்துறையில் புழங்கும் ஒரு பொது விதி. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு அது பரவலாக அறியப்பட்டது. ஆகவே, தோலில் பூசும் எந்த மருந்தும் தனியாக வருவதில்லை. அதைக் கரைத்து, தோலின் மேல் தங்கவைத்து, படலத்தைக் கடந்து உள்ளே செல்ல உதவும் ஒரு கலவையோடு சேர்ந்தே வருகிறது. களிம்பு, கிரீம், ஜெல், லோஷன், நுரை என்று நாம் பார்ப்பவை எல்லாம் அத்தகைய கலவையின் வெவ்வேறு வடிவங்கள். இந்தக் கட்டுரையில் அதை அடிக்கலவை என்று குறிப்பிடுவோம்.

அடிக்கலவை வெறும் வாகனமாக மட்டும் இருந்துவிடுவதில்லை. கரப்பான் நோயில் மேற்படலம் சிதைந்து, நீர் வெளியேறி, தோல் வறண்டு, அரிப்பெடுக்கிறது. சொறியச் சொறியப் படலம் மேலும் சிதைகிறது. இந்த நிலையில் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள ஒரு பொருளைப் பூசினாலே நீரிழப்பு குறைகிறது, அரிப்பு தணிகிறது, சொறிவதும் குறைகிறது. அதாவது அடிக்கலவையே ஒரு சிகிச்சையாகச் செயல்படுகிறது. இதனால்தான் மேற்பூச்சு மருந்தைச் சோதிக்கும்போது ஒப்பீட்டுக் குழுவினருக்கு மருந்தை மட்டும் நீக்கிய அதே அடிக்கலவையைக் கொடுக்கிறார்கள். ஒன்றுமே பூசாதவர்களோடு ஒப்பிட்டால், மருந்தின் பலன் எது, கலவையின் பலன் எது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

மருந்தில்லாக் களிம்பு பூசியவர்கள் தேறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. நாள்பட்ட தோல் நோய்கள் கூடுவதும் குறைவதுமாக இருப்பவை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் பலர் மருத்துவரை நாடுகிறார்கள், ஆய்விலும் அப்போதுதான் சேர்கிறார்கள். உச்சத்தில் இருப்பது சில வாரங்களில் தானாகவே ஓரளவு இறங்கும். அத்துடன், ஆய்வில் சேர்ந்தவர்கள் முன்பைவிட ஒழுங்காகப் பூசுகிறார்கள், ஒருவர் தம்மைக் கவனிக்கிறார் என்ற எண்ணமும் சிகிச்சை கிடைக்கிறது என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு இருக்கின்றன. அரிப்பு போன்ற உணர்வுகளை நம்பிக்கை கணிசமாகவே தணிக்கும். இவை எல்லாம் இரு குழுக்களுக்கும் சமமாகக் கிடைப்பதால், இரண்டுக்கும் இடையே எஞ்சி நிற்கும் வித்தியாசத்தை மட்டுமே மருந்தின் கணக்கில் எழுதலாம்.

கிரிசபோரோலின் முதல் ஆய்வில் அந்த வித்தியாசம் 7.4 புள்ளிகள். வேறு விதமாகச் சொன்னால், ஏறத்தாழ 14 பேர் அந்த மருந்தைப் பூசினால்தான், அடிக்கலவையால் கிடைத்திருக்கக்கூடியதற்கு மேலாக ஒருவருக்குத் தோல் தெளியும். இரண்டாவது ஆய்வின்படி ஏழு அல்லது எட்டுப் பேருக்கு ஒருவர். இரண்டு ஆய்வுகளிலும் வித்தியாசம் புள்ளியியல் அளவில் உறுதியானதே. ஆனால் உறுதியான வித்தியாசம் என்பதும் பெரிய வித்தியாசம் என்பதும் ஒன்றல்ல. செய்திகளில் பெரும்பாலும் 32.8 என்ற எண் மட்டுமே தலைப்பாகிறது. அருகிலேயே 25.4 என்ற எண்ணையும் எழுதாத செய்தி வாசகருக்கு அநீதி இழைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். அடிக்கலவையை விடச் சிறந்தது என்று நிரூபித்துவிட்டால் போதுமா? பல தோல் நோய்களுக்கு ஸ்டீராய்டு கலந்த மேற்பூச்சு மருந்துகள் நெடுங்காலமாகவே இருக்கின்றன. அவ்வகையைச் சேர்ந்த ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்ட ஆய்வு வெளியானது 1952ஆம் ஆண்டில். நோயாளிக்கும் மருத்துவருக்கும் உண்மையில் தேவைப்படும் தகவல், புதிய மருந்து ஏற்கெனவே கையில் இருப்பதைவிட எவ்வளவு மேலானது என்பதுதான். அத்தகைய நேரடி ஒப்பீட்டு ஆய்வுகள் அடிக்கலவையோடு ஒப்பிடும் ஆய்வுகளைவிடக் குறைவாகவே நடக்கின்றன. ஒப்புதல் பெறுவதற்கு அவை பெரும்பாலும் கட்டாயமில்லை என்பதும், போட்டி மருந்திடம் தோற்கும் வாய்ப்பை எந்த உற்பத்தியாளரும் விரும்புவதில்லை என்பதும் காரணங்களாக இருக்கலாம்.

யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் அடிக்கலவை என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால், நோய் கடுமையாக உள்ளவர்கள் ஒரு குழுவில் சேர்ந்துவிடக்கூடும். எனவே குலுக்கல் முறையில் குழுக்கள் பிரிக்கப்படுகின்றன. எந்தக் குழாயில் எது இருக்கிறது என்பது பூசுபவருக்கும் தெரியாது, தோலைப் பரிசோதித்து மதிப்பெண் இடுபவருக்கும் தெரியாது. இதுவரை சொன்னது எல்லா மருந்து ஆய்வுகளுக்கும் பொதுவான விதிதான். மேற்பூச்சு மருந்துகளில் இந்த மறைப்பைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். மாத்திரைகளை ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் செய்துவிடலாம். களிம்பின் வாசனையும் பிசுபிசுப்பும் மாறினால் விரல் உடனே கண்டுபிடித்துவிடும். சொரியாசிஸுக்குப் பயன்படும் டித்ரனால் தோலையும் துணியையும் பழுப்பாக்கும். முகப்பருவுக்கான ட்ரெட்டினாயின் தொடக்க வாரங்களில் எரிச்சலும் உரிதலும் தரும். தன் முகம் எரிவதை உணர்பவர், தனக்கு உண்மையான மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று ஊகித்துவிடுவார், அந்த ஊகம் அவர் தரும் பதில்களைப் பாதிக்கும். இதனால் சில ஆய்வுகளில், மருந்தைப் பற்றி நோயாளியிடம் பேசுபவர் ஒருவராகவும், எதுவும் கேட்காமல் தோலை மட்டும் பார்த்து மதிப்பிடுபவர் வேறொருவராகவும் இருப்பார்கள்.

அதே வேளையில், பெரும்பாலான உறுப்புகள் தராத ஒரு வசதியைத் தோல் தருகிறது. ஒரே மனிதரின் வலக்கையில் மருந்தையும் இடக்கையில் அடிக்கலவையையும் பூசிப் பார்க்கலாம். வயது, மரபு, உணவு, மன உளைச்சல், பருவநிலை எல்லாம் இரு கைகளுக்கும் ஒன்றே என்பதால், குறைவான ஆட்களைக் கொண்டே வித்தியாசத்தைக் கண்டறிய முடிகிறது. இருப்பினும் இம்முறைக்கு எல்லைகள் உண்டு. ஒரு கையில் பூசிய மருந்து இரத்தத்தில் கலந்தால் மறு கைக்கும் போய்ச் சேரும். பூசிய விரலோடு மறுபக்கத்தைத் தொட்டால் ஒப்பீடு கெடும். தூக்கம் கெட்டதா, மனம் சோர்ந்ததா போன்ற கேள்விகளுக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்று தனித்தனி விடைகள் கிடையாது.

பெரிய ஆய்வுகளுக்கு முன்னால் சிறிய அளவில் சில சோதனைகள் நடக்கின்றன. ஆரோக்கியமான தன்னார்வலர்களின் தோலில் மருந்தைத் திரும்பத் திரும்ப ஒட்டி வைத்து, எரிச்சலோ ஒவ்வாமையோ உண்டாகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மருந்துகளின் வீரியத்தை அளக்க 1962இல் மெக்கென்சியும் ஸ்டவுட்டனும் வெளியிட்ட எளிய சோதனை இன்றும் பயன்படுகிறது. ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் பூசிய இடம் வெளிறுகிறது. எவ்வளவு வெளிறுகிறது என்பதை வைத்து மருந்துகளை வரிசைப்படுத்தலாம். நோய் கடுமையாக உள்ளவர்களின் உடலில், பூச வேண்டிய பரப்பு முழுவதும் அதிகபட்ச அளவில் பூசி, இரத்தத்தில் எவ்வளவு மருந்து கலக்கிறது என்று அளக்கும் சோதனையும் உண்டு. அதற்கான தேவையை 1967இல் வெளியான ஓர் ஆய்வு உணர்த்தும். முன்கையில் பூசிய ஹைட்ரோகார்டிசோன் உறிஞ்சப்படும் அளவை ஒன்று என்று கொண்டால், நெற்றியில் அது ஆறு மடங்கு, தாடைப் பகுதியில் 13 மடங்கு, விதைப்பையில் 42 மடங்கு என்று அந்த ஆய்வு கண்டது. ஒரே குழாயிலிருந்து எடுத்த ஒரே களிம்புதான், ஆனால் பூசும் இடத்தைப் பொறுத்து உடலுக்குள் செல்லும் அளவு இத்தனை மாறுகிறது.

அடுத்து, நோய் குறைந்தது என்பதை எதைக் கொண்டு சொல்வது? இரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி இருப்பதுபோல் கரப்பானுக்கோ சொரியாசிஸுக்கோ இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் தோலைப் பார்த்து மதிப்பெண் இடுவதே வழி. சொரியாசிஸுக்கு 1978இல் உருவான பாசி என்ற அளவுகோல், சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றின் கடுமையையும் பாதிக்கப்பட்ட பரப்பையும் சேர்த்து 0 முதல் 72 வரை மதிப்பெண் தருகிறது. பாசி 75 என்று ஆய்வறிக்கையில் இருந்தால், தொடக்கத்தில் இருந்த மதிப்பெண் குறைந்தது 75 சதவீதமாவது இறங்கியவர்கள் என்று பொருள். கரப்பானுக்கு ஈசி என்ற அளவுகோல் இதே போன்ற கணக்கில் இயங்குகிறது. இவற்றைவிட எளிதாக, தோலின் ஒட்டுமொத்த நிலையைத் தெளிவானது, ஏறத்தாழத் தெளிவானது, லேசானது, நடுத்தரம், கடுமை என ஐந்து படிகளில் மதிப்பிடும் முறையும் உண்டு. கிரிசபோரோல் ஆய்வுகளில் வெற்றி என்று கணக்கிடப்பட்டது இந்த வகைப் படிகளைக் கொண்டுதான். முதலிரண்டு படிகளில் ஒன்றை எட்டுவதோடு, தொடக்கத்திலிருந்து குறைந்தது இரண்டு படிகளாவது இறங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

இந்த அளவுகோல்கள் எல்லாவற்றிலும் சிவப்புக்கு முக்கிய இடம் உண்டு. கருநிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் ஊதா, சாம்பல் அல்லது அடர் பழுப்பு நிறமாகத் தெரியலாம். வெளிர்நிறத் தோலைப் பார்த்தே பழகிய கண், அங்கே நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிடும். அதனால் அத்தகைய நோயாளிகள் ஆய்வில் சேரும் தகுதியை இழக்கவும் கூடும். ஓர் ஆய்வில் பங்கேற்றவர்களின் தோல் நிறங்கள் என்னென்ன என்று பார்ப்பது, அவர்களின் வயதைப் பார்ப்பதற்கு இணையாக முக்கியமானது.

பார்ப்பவரின் மதிப்பெண்ணோடு, நோயோடு வாழ்பவரின் மதிப்பெண்ணும் தேவை. 1994இல் வெளியான டிஎல்க்யூஐ என்ற பத்துக் கேள்விப் படிவம், கடந்த ஒரு வாரத்தில் தோல் நோய் ஒருவரின் உடை, வேலை, உறவுகள், விளையாட்டு ஆகியவற்றை எவ்வளவு பாதித்தது என்று கேட்டு 0 முதல் 30 வரை கணக்கிடுகிறது. அரிப்பை 0 முதல் 10 வரையிலான எண்ணாக நோயாளியே சொல்கிறார். ஒவ்வோர் ஆய்வும் தனக்கென ஓர் அளவுகோலைப் பயன்படுத்தியதால் ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாத நிலை நீண்ட காலம் இருந்தது. கரப்பானுக்கு எல்லா ஆய்வுகளும் அளக்க வேண்டிய பொதுவான அம்சங்களை ஹோம் என்ற பன்னாட்டுக் கூட்டு முயற்சி வகுத்தது, இத்துறையின் நல்ல முன்னேற்றங்களில் ஒன்று.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், எல்லாம் கடைசியில் பூசும் கையைப் பொறுத்தே இருக்கிறது. மாத்திரையில் அளவு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. களிம்பில் அளவைத் தீர்மானிப்பவர் நோயாளி. இந்தச் சிக்கலுக்கு 1991இல் லாங், ஃபின்லே இருவரும் ஒரு நல்ல தீர்வைச் சொன்னார்கள். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கும் களிம்பு ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். விரல்கள் உட்பட இரண்டு உள்ளங்கைகள் அளவுள்ள பரப்புக்கு அது போதும். ஆய்வுகளில் இந்த அளவைக் கற்றுத் தருவதோடு, குழாய்களைக் கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் எடை போட்டு, எவ்வளவு பயன்பட்டது என்று கணக்கிடுகிறார்கள்.

எடை குறைந்தால் பூசியதாகக் கொள்ளலாம், ஆனால் எந்த நாளில் பூசினார்கள் என்பதை எடை சொல்லாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கரப்பான் உள்ள குழந்தைகளின் மருந்துக் குழாய் மூடிகளில், திறக்கும் நேரத்தைப் பதிவுசெய்யும் மின்னணுச் சில்லு பொருத்தப்பட்டிருந்தது. குடும்பத்தினருக்கு அது முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. எட்டு வாரங்களில், பூச வேண்டிய தடவைகளில் சராசரியாக 32 சதவீதம் மட்டுமே மூடி திறக்கப்பட்டிருந்தது. மருத்துவரைச் சந்திக்கும் நாள்களை ஒட்டி மட்டும் பயன்பாடு கூடியது. இதற்காக எந்தக் குடும்பத்தையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழும் குழந்தைக்கு நாள்தோறும் இரு முறை உடல் முழுவதும் களிம்பு பூசுவது கடினமான உழைப்பு. ஆனால் ஆய்வாளர்களுக்கு இது முக்கியமான செய்தி. ஒரு மருந்து பலன் தரவில்லை என்று முடிவு வந்தால், மருந்து தோற்றதா, பூசப்படவே இல்லையா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு பேரைக் கொண்டு ஆய்வு நடந்தது என்பதன் முக்கியத்துவத்துக்குக் கரப்பான் தடுப்பு ஆய்வுகளே சிறந்த உதாரணம். குடும்பத்தில் ஒவ்வாமை நோய் உள்ள குழந்தைகளுக்குப் பிறந்தது முதலே ஈரப்பசைக் களிம்பு பூசிவந்தால் கரப்பானைத் தடுக்கலாமா என்ற கேள்வியோடு இரண்டு சிறிய ஆய்வுகள் 2014இல் வெளியாயின. ஒன்றில் 124 குழந்தைகள், ஜப்பானில் நடந்த மற்றதில் 118 குழந்தைகள். முதல் ஆய்வில், ஆறு மாத வயதில், பூசிய குழந்தைகளில் 22 சதவீதத்தினருக்கும் பூசாதவர்களில் 43 சதவீதத்தினருக்கும் கரப்பான் இருந்தது. ஜப்பானிய ஆய்வும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவைக் கண்டது. மலிவான, பாதுகாப்பான ஒரு களிம்பால் இத்தனை குழந்தைகளைக் காக்க முடியும் என்ற செய்தி எவ்வளவு மகிழ்ச்சியளித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் ஆய்வை நடத்தியவர்களில் சிலரே தங்கள் முடிவைப் பெரிய அளவில் சோதிக்க முன்வந்தார்கள். பீப் என்ற பெயரில் பிரிட்டனில் 1,394 குழந்தைகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு 2020இல் வெளியானது. இரண்டு வயதில், முதல் ஓராண்டு நாள்தோறும் களிம்பு பூசப்பட்ட குழந்தைகளில் 23 சதவீதத்தினருக்குக் கரப்பான் இருந்தது. பூசப்படாதவர்களில் அது 25 சதவீதம். தற்செயலாகவே நேரக்கூடிய சிறு வித்தியாசம்தான் அது. பூசிய குழந்தைகளுக்குத் தோல் தொற்றுகள் சற்றே கூடுதலாகவும் வந்தன. தாங்கள் கண்ட நம்பிக்கையூட்டும் முடிவைத் தாங்களே கடுமையான சோதனைக்கு உட்படுத்தி, அது நிற்கவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஆய்வின் காலமும் நோய்க்கு ஏற்ப அமைய வேண்டும். கரப்பானின் அரிப்பு சில நாள்களில் தணியலாம், வெண்புள்ளியில் நிறம் திரும்புவதற்கோ பல மாதங்கள் ஆகும். ருக்ஸோலிடினிப் கிரீமுக்கு வெண்புள்ளி சிகிச்சையில் 2022இல் ஒப்புதல் பெற்றுத் தந்த இரண்டு ஆய்வுகளில், முகத்தின் வெண்புள்ளி மதிப்பெண் 75 சதவீதமாவது குறைந்தவர்கள் 24 வாரங்களில் ஏறத்தாழ 30 சதவீதம். அடிக்கலவை பூசியவர்களில் ஓர் ஆய்வில் 7 சதவீதமும் மற்றதில் 11 சதவீதமும் அந்நிலையை எட்டினார்கள். மருந்தைத் தொடர்ந்து ஓராண்டு பூசியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்நிலையை எட்டினார்கள். இதே ஆய்வை நான்கு வாரங்களில் நிறுத்தியிருந்தால், பயனுள்ள ஒரு மருந்து பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

பலனை அறியச் சில மாதங்கள் போதும், அரிதான தீங்குகளை அறிய அவை போதாது. ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் பக்கவிளைவு, சில நூறு பேர் கொண்ட ஆய்வில் தென்படாமலேயே போகலாம். கரப்பானுக்கான டாக்ரோலிமஸ் என்ற மேற்பூச்சு மருந்து இதற்கு உதாரணம். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் உட்கொள்ளும் மருந்தாகப் பயன்படும்போது அது நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. அதன் களிம்பும் புற்றுநோய்க்கு வழிவகுக்குமோ என்ற அச்சத்தில், 2006இல் அமெரிக்காவில் அதன் மீது கடுமையான எச்சரிக்கை அச்சிடப்பட்டது. அந்த அச்சம் சரியா என்பதை அறிய, களிம்பைப் பயன்படுத்திய ஏறத்தாழ 8,000 சிறார்களைப் பத்தாண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி அவர்களில் ஆறு பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. அதே வயதுள்ள பொதுமக்களில் அத்தனை பேரிடம் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையும் ஏறத்தாழ ஆறுதான். இங்கே குலுக்கல் இல்லை, அடிக்கலவை பூசிய குழுவும் இல்லை. பத்தாண்டுகள் ஒரு குழந்தைக்கு மருந்தில்லாக் களிம்பை மட்டும் கொடுத்துவர எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது என்பதால், பொதுமக்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளே அங்கு ஒப்பீட்டுக் குழுவின் இடத்தை நிரப்பின.